டாரட் சீட்டுகளைக் கொண்டு எழுதிப் பழகுவது எப்படி: சேலத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

சேலம் கோட்டை மாரியம்மன் கோயிலில் ஆடித் திருவிழா நடக்கும் நாள்களில், நடைபாதையில் துணி விரித்து உட்கார்ந்திருக்கும் கிளி ஜோசியரைச் சிறுவயதில் நெடுநேரம் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். கூண்டைத் திறந்ததும் கிளி தத்தித் தத்தி வெளியே வரும். அடுக்கி வைத்திருக்கும் உறைகளை அலகால் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு ஏதோ ஒன்றை மட்டும் இழுத்துக் கொடுக்கும். கூலியாக ஒரு நெல்லை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். கிளியின் வேலை அத்துடன் முடிந்தது. ஜோசியரின் வேலை அப்போதுதான் தொடங்கும். உறைக்குள்ளிருந்து முருகன் படத்தை எடுப்பார், எதிரே குத்த வைத்திருப்பவரின் முகத்தை ஒருமுறை பார்ப்பார், பிறகு அந்தப் படத்துக்கும் அந்த முகத்துக்கும் இடையில் ஒரு கதையைக் கட்டிவிடுவார். கிளியை அடைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால் அந்தக் காட்சி இப்போது அருகிவிட்டது. அவர் சொன்ன பலன்களில் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. ஆனால் எந்தப் படம் வந்தாலும் அதிலிருந்து ஒரு மனிதரின் கதையைத் தொடங்க முடிகிற அந்தக் கைத்திறன் மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. இந்த வழிகாட்டி அந்தத் திறனைப் பற்றியது. டாரட் சீட்டு அதற்கு ஒரு கருவி.

எதிர்காலத்தைக் கணிக்க இதில் ஒரு வரியும் இல்லை. கதையோ கவிதையோ நாட்குறிப்போ எழுத விரும்பி, வெள்ளைத் தாளைக் கண்டதும் கை ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெளியிலிருந்து தற்செயலாக வரும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பாடுவது நமக்குப் புதியதும் அன்று. ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்லும் வழக்கத்தில் வளர்ந்தது தமிழ்ப் புலமை. ஏட்டுக் கட்டுக்குள் பார்க்காமல் கயிற்றை நுழைத்துப் பிரிக்கும் ‘கயிறு சாத்துதல்’ முறையில் வந்த பதிகத்தையே கட்டளையாக ஏற்பது சைவர்களின் பழைய பழக்கம். மதுரையில் ஏட்டைத் தீயில் இடும் அனல் வாதத்துக்கு எந்தப் பதிகத்தைத் தருவது என்று சம்பந்தர் ஏட்டைப் பிரித்தபோது திருநள்ளாற்றுப் பதிகம் வந்ததாகப் பெரிய புராணம் சொல்கிறது. எதை எழுதுவது என்ற தேர்வை நம் கையிலிருந்து பறித்துவிட்டால், எப்படி எழுதுவது என்பதில் மனம் முழுமையாக இறங்குகிறது. சீட்டு செய்யும் உதவி அவ்வளவுதான்.

சீட்டுக்கட்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

டாரட் என்பது 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்த சீட்டாட்டம். அதைக் குறி பார்க்கப் பயன்படுத்துவது பரவியது 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரான்சு நாட்டில். இது எகிப்தியர்களின் மறைநூல் என்று 1781-இல் கூர் த ஜெபெலன் என்பவர் எழுதி வைத்தார். அதற்குச் சான்று ஏதும் இல்லை, ஆனாலும் கதை மட்டும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு கட்டில் 78 சீட்டுகள். அவற்றில் 22 பெரிய சீட்டுகள். பேதை, துறவி, மரணம், கோபுரம், நிலவு என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. மீதி 56 சிறிய சீட்டுகள் கோல், கோப்பை, வாள், காசு என்ற நான்கு இனங்களாகப் பிரிந்து, ஒவ்வோர் இனத்திலும் ஒன்று முதல் பத்து வரையும், பிறகு சேவகன், குதிரைவீரன், ராணி, ராஜா என்று நால்வருமாக 14 சீட்டுகள் கொண்டவை. ரம்மி ஆடத் தெரிந்தவர்களுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை.

எழுத்துப் பயிற்சிக்கு எந்தக் கட்டை வாங்குவது என்று கேட்டால், 1909-இல் லண்டனில் வெளியான ரைடர்–வெயிட்–ஸ்மித் கட்டையே சொல்வேன். காரணம் எளியது. பழைய கட்டுகள் பலவற்றில் ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பைகள் மட்டுமே வரைந்திருக்கும். அதைப் பார்த்துக் கதை எழுதுவதும் ரம்மிச் சீட்டைப் பார்த்துக் கதை எழுதுவதும் ஒன்றுதான். இந்தக் கட்டுக்குப் படம் வரைந்த பமீலா கோல்மன் ஸ்மித், சிறிய சீட்டுகளிலும் மனிதர்களைக் கொண்டுவந்து ஏதாவது செய்துகொண்டிருக்க வைத்தார். அவர் நாடக மேடையோடு பழகியவர், ஜமைக்கா நாட்டுப்புறக் கதைகளைச் சொல்லியும் எழுதியும் வந்தவர். அதனால் அவருடைய படங்கள் பலவும் ஒரு நாடகத்தின் நடுவே திரையை விலக்கிப் பார்த்ததுபோல் இருக்கும். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டூடியோவின் நுழைவாயில் வளைவைக் கடந்து போகும் சேலத்துக்காரர்களுக்கு இதை வேறு விதமாகவும் சொல்லலாம்: இவை நாம் பார்த்திராத 78 படங்களின் ஸ்டில்கள். முந்தைய காட்சி என்ன, அடுத்த காட்சி என்ன என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

பமீலா 1951-இல் மறைந்தார். இந்தியாவில் ஒரு படைப்பின் பதிப்புரிமை, படைத்தவர் மறைந்த பின் 60 ஆண்டுகள் நீடிக்கும் என்பதால், அவருடைய மூலப் படங்கள் 2012 முதல் இங்கே பொதுவுடைமை. பிற்காலத்தில் பிறர் புதிதாக வண்ணம் தீட்டி வெளியிட்ட பதிப்புகளுக்கு இது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மூலப் படங்களைப் பதிவிறக்கி, பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கெட்டி அட்டையில் அச்சிட்டு வெட்டிக்கொண்டாலும் வேலை நடக்கும். கடைக் கட்டோடு வரும் சிறு விளக்கப் புத்தகத்தை மட்டும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். அதற்கான காரணத்தை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

நான் முதன்முதலில் கட்டைப் பிரித்த அன்று வந்தது எட்டுக் காசுகள் என்ற சீட்டு. உடனே புத்தகத்தைப் புரட்டினேன். உழைப்பு, பொறுமை, தொழில் நேர்த்தி என்று போட்டிருந்தது. அதைப் படித்த பின் படத்தைப் பார்க்க வேண்டிய தேவையே எனக்கு ஏற்படவில்லை. கடின உழைப்பு என்றேனும் பலன் தரும் என்ற கருத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பள்ளி ஆண்டு மலரில்கூடச் சேர்க்கத் தயங்குவார்கள், அவ்வளவு சப்பென்று இருந்தது. பொருள் முதலில் வந்துவிட்டால் கண் வேலை செய்யாது என்பதை அந்த ஒன்றரைப் பக்கம் எனக்குக் கற்றுக்கொடுத்தது. கீழே சொல்லும் படிகள் எல்லாமே பொருளை எவ்வளவு நேரம் தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு நேரம் தள்ளிப்போடுவதற்கான வழிகள்தான்.

தொடங்குவதற்கு முன்

அரைமணி நேரம், கோடு போட்ட நோட்டு, மையடைத்த பேனா ஆகியவை போதும். செல்போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். சீட்டின் பொருளைத் தேடிப் பார்க்கும் ஆசை பத்தாவது நிமிடத்தில் கட்டாயம் வரும். முதல் மாதம் 22 பெரிய சீட்டுகளையும் கட்டிலிருந்து பிரித்துத் தனியே எடுத்து வைத்துவிடும்படி சொல்வேன். பெரும்பாலோர் இதற்கு நேர்மாறாக, பெரிய சீட்டுகளிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நீதி, மரணம், உலகம் என்று எழுதிய சீட்டைப் பார்த்ததும் புதிதாக எழுதுபவரின் கை தத்துவத்துக்குப் போய்விடுகிறது. சிறிய சீட்டுகளில் சுமை தூக்குபவர், படகில் போகிறவர், மரத்தடியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் என்று நம் தெருவில் பார்க்கக்கூடியவர்களே இருக்கிறார்கள்.

முதல் படி: பார்த்ததை மட்டும் எழுதுங்கள்

கட்டைக் கலைத்து, ஒரே ஒரு சீட்டை எடுங்கள். பிடிக்கவில்லை என்று திருப்பி வைத்து வேறு எடுக்கக் கூடாது. இந்த ஒரு விதியில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஐந்து நிமிடத்துக்குப் படத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சிறு சிறு வாக்கியங்களாக எழுதுங்கள். உணர்ச்சியைக் குறிக்கும் சொல் எதுவும் வரக் கூடாது. ‘அவன் சோகமாக நிற்கிறான்’ என்பது பார்த்தது ஆகாது, நீங்கள் முடிவு கட்டியது. ‘அவன் தலை குனிந்திருக்கிறது, கறுப்புப் போர்வை தோளிலிருந்து கால்வரை இறங்குகிறது’ என்பதுதான் பார்த்தது.

ஐந்து கோப்பைகள் சீட்டை எடுத்துக்கொள்வோம். கறுப்புப் போர்வை போர்த்திய ஓர் உருவம். அதன் எதிரே மூன்று கோப்பைகள் கவிழ்ந்து, உள்ளிருந்தது தரையில் கொட்டிக் கிடக்கிறது. பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுவார்கள். மூன்றாவது நிமிடத்துக்கு மேல்தான், அந்த உருவத்தின் முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் கவிழாமல் நிற்பது கண்ணில் படும். நான்காவது நிமிடத்தில் ஆறும், அதன்மேல் பாலமும், அக்கரையில் கட்டடமும் தெரியும். இரண்டு கோப்பைகள் நிற்பதை அந்த உருவம் பார்க்கவில்லை, நாம் பார்க்கிறோம். கதாபாத்திரத்துக்குத் தெரியாத ஒன்று வாசகருக்குத் தெரிந்துவிட்ட அந்தக் கணத்திலேயே பாதிக் கதை கையில் வந்துவிட்டது. இவ்வளவையும் தந்தது நேரம். ஆகவே எழுத ஒன்றுமில்லை என்று தோன்றும்போது இன்னும் இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டே இருங்கள்.

இரண்டாம் படி: சீட்டை உங்கள் ஊருக்குக் கொண்டுவருதல்

நான் மிகுதியாகப் பேச விரும்புவது இந்தப் படியைப் பற்றித்தான். சீட்டில் இருப்பது ஐரோப்பிய இடைக்காலத்து உலகம். கோட்டைகளும் பனியும் கவச வீரர்களும் நிறைந்த அந்த உலகத்தை அப்படியே தமிழில் எழுதினால், மொழிபெயர்த்த சிறுவர் கதைபோல இருக்கும். படத்தில் உள்ள ஒவ்வொன்றும் அங்கே என்ன வேலை செய்கிறது என்று பார்த்து, அதே வேலையை நம் ஊரில் எது செய்கிறது என்று தேட வேண்டும்.

நம்மிடம் இதற்கு ஏற்கெனவே ஓர் இலக்கணம் இருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கே வாழும் மரம், விலங்கு, உணவு, தொழில், பறை எல்லாம் கருப்பொருள். அவற்றினூடே தோன்றும் மனவொழுக்கம் உரிப்பொருள். பாடலுள் இம்மூன்றும் ஒன்றைவிட ஒன்று சிறந்தவை என்று தொல்காப்பியம் அடுக்குகிறது; உரிப்பொருளே உச்சம். இந்தப் பயிற்சியில் நாம் கருப்பொருளில் தொடங்கி, முதற்பொருளை அமைத்து, உரிப்பொருளை வாய்விட்டுச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். நோட்டில் இரண்டு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் சீட்டில் உள்ளது. வலப்பக்கம் அதன் நம்மூர்ப் பதிலி.

ஐந்து காசுகள் சீட்டில், கொட்டும் பனியில் இருவர் நடந்து போகிறார்கள். ஒருவர் ஊன்றுகோல் பிடித்திருக்கிறார், அவர் கழுத்தில் மணி தொங்குகிறது. மற்றவர் வெறுங்காலோடு போர்வையை இழுத்துப் பிடித்திருக்கிறார். அவர்களுக்கு மேலே வண்ணக் கண்ணாடிச் சன்னலில் வெளிச்சம் எரிகிறது. ஏற்காட்டில் பனி கொட்டாது, பனிமூட்டம்தான் இறங்கும். ஆனால் படத்தில் பனி செய்யும் வேலை, வெளியே இருப்பவரை உள்ளே இருப்பவரிடமிருந்து பிரிப்பது. மார்கழி இரவு ஏழு மணிக்கு ஏரிப் பக்கம் பத்தடி தூரத்தில் நிற்பவர்கூடத் தெரியாமல் மூட்டம் இறங்கியிருக்கும்போது, சுற்றுலா விடுதியின் உணவுக்கூடத்துச் சன்னலுக்கு வெளியே, காப்பித் தோட்டத்து வேலை முடிந்து நடந்துவரும் இருவரை நிறுத்தினால் அதே வேலை நடந்துவிடுகிறது. காப்பிப் பழம் பறிக்கும் காலமும் அதுதான் என்பதால் அவர்கள் அந்நேரத்தில் அந்தச் சாலையில் இருப்பதற்குக் காரணமும் கிடைத்துவிடுகிறது. கழுத்து மணியை என்ன செய்வது என்று எனக்கு வெகுநேரம் புரியவில்லை. ஆள் வருவதை முன்கூட்டியே பிறருக்கு அறிவிக்கும் ஒன்று வேண்டும். கடைசியில் அதை நிற்காத இருமல் ஆக்கினேன்.

ஆறு வாள்கள் சீட்டில், ஒருவர் கழி ஊன்றிப் படகைத் தள்ள, முக்காடிட்ட பெண்ணும் குழந்தையும் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறு வாள்கள் படகில் குத்தி நிற்கின்றன. மேட்டூர்ப் பக்கத்தவர்களுக்குப் பரிசல் உடனே நினைவுக்கு வரும். வாள்தான் சிக்கல். அவற்றைப் பிடுங்கினால் ஓட்டை வழியே தண்ணீர் ஏறும், பிடுங்காவிட்டால் கூடவே சுமந்து போக வேண்டும். அப்படிப்பட்ட ஒன்றை அந்தப் பெண் பரிசலில் எடுத்துப் போவதாக இருந்தால் அது என்னவாக இருக்கும்? புகுந்த வீட்டிலிருந்து திருப்பி வாங்கிய சீர்ப் பாத்திரங்களா, அடகுச் சீட்டா? இந்தக் கேள்விக்குச் சரியான விடை என்று ஒன்று இல்லை. நீங்கள் தேர்ந்தெடுக்கும் விடையில் உங்களை அறியாமல் உங்கள் வாழ்க்கை உள்ளே வந்துவிடும். சுய வெளிப்பாடு என்று பெரிதாகச் சொல்வது இப்படித்தான் நடக்கிறது.

எல்லாச் சீட்டுக்கும் இவ்வளவு உழைப்புத் தேவைப்படாது. பத்துக் கோல்களையும் முகம் மறையக் கட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்து நடப்பவரைச் செவ்வாய்பேட்டை லீ பஜாரில் காலை நேரத்தில் பார்க்கலாம். மரத்தடியில் கைகட்டி உட்கார்ந்து, மேகத்திலிருந்து நீளும் கோப்பையை ஏறிட்டும் பார்க்காத நான்கு கோப்பைகள் இளைஞன், சேலத்தில் எந்த மாந்தோப்பிலும் இருப்பான்.

மூன்றாம் படி: கேள்வியும் எழுத்தும்

இப்போது சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வலப்பக்கப் பத்தியிலிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் என்ன நடந்தது, படத்தின் சட்டகத்துக்கு வெளியே யார் நின்று இதைப் பார்க்கிறார்கள், இந்த ஆள் கையில் இருப்பதை யாரிடம் கொடுக்கப் போகிறார் என்ற மூன்றில் ஒன்று எப்போதும் கைகொடுக்கும். பிறகு பதினைந்து நிமிடம், அடிக்காமல் திருத்தாமல் எழுதுங்கள். எழுத்துப்பிழை கிடக்கட்டும். சொல் வராத இடத்தில் கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். நேரம் முடிந்ததும் வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். மறுநாள் தொடர்வதற்கு அந்த அறுந்த வாக்கியமே கொக்கி.

என் எட்டுக் காசுகள் சீட்டுக்கே திரும்புகிறேன். ஒன்றரைப் பக்கத் தோல்விக்குப் பிறகு அதே சீட்டு மீண்டும் வந்தபோது இந்த முறைப்படி பார்த்தேன். ஏப்ரன் கட்டிய இளைஞன் ஒருவன் மணையில் உட்கார்ந்து, உளியும் சுத்தியலுமாக ஒரு காசைச் செதுக்குகிறான். செய்து முடித்த காசுகள் பக்கத்துக் கம்பத்தில் வரிசையாகத் தொங்குகின்றன. வெகு தொலைவில் ஓர் ஊர் தெரிகிறது. சேலத்தில் வளர்ந்த எவருக்கும் இது வெள்ளிக் கொலுசுப் பட்டறை என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பட்டறையின் கருப்பொருள்களை எழுதத் தொடங்கினேன்: ஊதுகுழல், பற்றவைக்கும் பொடி, சலங்கை மணி, தராசு, எடைபோட்டு வாங்கிய வெள்ளி, எடைபோட்டே திருப்பித் தர வேண்டிய கொலுசு, இரண்டுக்கும் நடுவில் காணாமல் போகும் சேதாரம். ‘பொடி வைத்துப் பேசுவது’ என்ற வழக்கே இந்தத் தொழிலிலிருந்து வந்தது என்பார்களே என்று நடுவில் ஒரு குறிப்பும் எழுதிக்கொண்டேன். பதினைந்து நிமிடத்தில் எழுதியதன் ஒரு பகுதி இது:

‘பட்டறை விளக்கை அணைத்த பிறகும் அப்பா எழுந்திருக்கவில்லை. எட்டு ஜோடிக் கொலுசும் ஆணியில் தொங்கின. வாங்கின வெள்ளிக்கும் வந்த எடைக்கும் இரண்டு கிராம் இடித்தது. சேதாரம் கழித்தும் கணக்கு நேராகவில்லை.

“மிச்சம் எங்கப்பா போச்சு?”

“எங்க போகும் கண்ணு, தரையிலதான் கெடக்கும். காலையில கூட்டி அள்ளிக்கலாம், நீ போய்ப் படு.”

தெருவிளக்கு சன்னல் வழியாக உள்ளே விழுந்தது. அவர் கால்விரல் இடுக்கில் என்னவோ மின்னியது.’

கடைசி வாக்கியத்தை நான் திட்டமிடவில்லை. படத்திலும் அது இல்லை, வலப்பக்கப் பத்தியிலும் இல்லை. பொறுமை, உழைப்பு என்ற சொற்களைத் தவிர்த்ததால் அவை போக இடமில்லாமல் அந்தக் கால்விரலுக்கு வந்து சேர்ந்தன என்றுதான் நினைக்கிறேன். இப்படி எங்கிருந்தோ வந்த வாக்கியத்தை அடையாளம் காண, எழுதியதை மூன்று நாள் ஆறப்போட்டுவிட்டுப் படித்துப் பாருங்கள். சீட்டிலும் பட்டியலிலும் இல்லாத வரி எதுவோ அதன் அடியில் கோடிடுங்கள். இரண்டாம் வரைவை அந்த வரியிலிருந்து தொடங்குவது நல்லது. முதல் வரைவில் அதற்கு முன்னால் இருந்தவை பெரும்பாலும் சாரம் கட்டிய மூங்கில்கள், பிரித்துவிடலாம்.

இரண்டு சீட்டும் மூன்று சீட்டும்

ஒற்றைச் சீட்டில் பதினைந்து இருபது முறை எழுதிப் பழகிய பின் இரண்டு சீட்டுகளை எடுங்கள். முதல் சீட்டுக்கு ஒரு வாக்கியம், இரண்டாம் சீட்டுக்கு ஒரு வாக்கியம், நடுவில் ‘ஆனால்’ அல்லது ‘அதனால்’. ‘பிறகு’ என்று போட்டு இணைக்க வேண்டாம். ‘பிறகு’ நிகழ்ச்சிகளை வரிசையில் நிறுத்தும், கதையாக முறுக்காது. மூன்று சீட்டு வைப்பவர்கள் வழக்கமாக இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று வைப்பார்கள். நமக்கு எதிர்காலம் தேவையில்லை. ஓர் ஆள், அவர் கையில் உள்ள ஒரு பொருள், அவரைத் தடுக்கும் ஒன்று என்று வைத்துக்கொண்டால் சிறுகதைக்கான எலும்புக்கூடு கிடைத்துவிடும்.

ஆளுக்கான சீட்டைச் சேவகன், குதிரைவீரன், ராணி, ராஜா ஆகிய பதினாறு பேரிலிருந்து மட்டும் எடுப்பது வசதி. காசுக் குதிரைவீரனின் குதிரை மட்டும் ஓடாமல் நின்றுகொண்டிருக்கும். கோப்பைச் சேவகனின் கோப்பையிலிருந்து மீன் ஒன்று எட்டிப் பார்க்கும், அவனும் அதை வெகு சாதாரணமாகப் பார்த்துக்கொண்டிருப்பான். எனக்கு மிகவும் பிடித்த சீட்டு அதுதான். அவனைத் தட்டுவடை செட் போடும் தள்ளுவண்டிக்காரராக்கி எழுதிய கதையை மட்டும் இன்னும் முடிக்க முடியவில்லை.

தலைகீழாக வரும் சீட்டுக்குக் கணிப்பவர்கள் எதிர்மறைப் பொருள் சொல்வார்கள். நாம் அதைப் பார்வைக்கோணத்தை மாற்றும் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம்: நேராக வந்தால் படத்தில் உள்ளவர் சொல்லும் கதை, தலைகீழாக வந்தால் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொருவர் சொல்லும் கதை.

பெரிய சீட்டுகளோடு மலையேறுவது

இரண்டாம் மாதத்தில் 22 பெரிய சீட்டுகளைக் கையில் எடுக்கலாம். சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. பெரிய சீட்டுகளின் எண் சுழியத்தில் தொடங்கி 21-இல் முடிகிறது. அடிவாரத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சுழியமான பேதையை அடிவாரத்தில் நிறுத்தி, 1 முதல் 20 வரையிலான சீட்டுகளை வளைவுக்கு ஒன்றாக வைத்து, 21-ஆம் சீட்டான உலகத்தை மேலே ஏரிக்கரையில் வைத்தால் கணக்குக் கச்சிதமாக முடிகிறது. இது தற்செயல்தான், ஆனால் தற்செயலைப் பயன்படுத்திக்கொள்வதுதானே இந்தப் பயிற்சி முழுவதும்.

பஸ்ஸில் சன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, மடியில் சீட்டுகளை எண் வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வாக்கியம். சன்னலுக்கு வெளியே அந்தக் கணத்தில் தெரிவது ஒன்றும், சீட்டில் இருப்பது ஒன்றும் அதில் சேர வேண்டும். பேதை செங்குத்துப் பாறையின் விளிம்பில், கோலில் மூட்டை கட்டித் தோளில் சாய்த்து, அண்ணாந்து பார்த்தபடி அடி எடுத்து வைக்கிறான். காலடியில் வெள்ளை நாய். அடிவாரத்தில் பஸ் நிற்கையில் அந்த மூட்டையும் நாயும் வெளியே எங்காவது இருக்கும். ஒன்பதாம் வளைவில் விளக்கேந்தி மலையுச்சியில் நிற்கும் துறவி, பதின்மூன்றில் குதிரைமேல் வரும் மரணம், பதினாறில் இடிவிழுந்து சரியும் கோபுரம், பத்தொன்பதில் கதிரவன். கீழே புளியும் வேம்புமாக இருந்த மரங்கள் மாறி, மேலே மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களும் அவற்றின் நிழலில் காப்பிச் செடிகளும் வரும். கோடை மழை பெய்து காப்பி பூத்திருக்கும் நாள்களில் போனால் மல்லிகை போன்ற வாசனை பஸ்ஸுக்குள்ளேயே வந்துவிடும். வளைவில் எழுதும்போது எழுத்து கோணும், சிலருக்கு வயிற்றைப் புரட்டும். அப்படிப்பட்டவர்கள் வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போய் எழுதலாம். 22 வாக்கியங்களில் பதினைந்து தேறாது. மீதி ஏழில் ஒரு கவிதை இருக்கும்.

இதற்குப் பிறகு சொந்தச் சீட்டுகளைச் செய்து பார்க்கலாம். வரையத் தெரிய வேண்டும் என்ற கட்டாயமில்லை. பழைய காலண்டர், திருமணப் பத்திரிகை, செய்தித்தாள் ஆகியவற்றிலிருந்து வெட்டி ஒட்டினாலே போதும். என்னிடம் உள்ள துறவிச் சீட்டில், மூட்டத்துக்குள் டார்ச் விளக்கோடு நிற்கும் எஸ்டேட் காவலாளி இருக்கிறார்.

குழுவில் செய்யும்போதும், மனம் கனக்கும்போதும்

நான்கைந்து பேர் சேர்ந்து செய்வதாக இருந்தால், எல்லாருக்கும் ஒரே சீட்டைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். ஆளுக்கொரு சீட்டு கொடுத்தால் எனக்கு நல்ல சீட்டு வரவில்லை என்ற பேச்சு எழும். ஒருவர் எழுதியதை வைத்து அவர் வீட்டு நிலைமையை ஊகித்துச் சொல்வதை முதலிலேயே தடை செய்துவிடுங்கள். பகிர விரும்பாதவர் நோட்டை மூடிக்கொள்ள உரிமை வேண்டும்.

மரணச் சீட்டைக் கண்டு அஞ்சுபவர்கள் உண்டு. ஒருமுறை நான் நடத்திய அமர்வில் அது விழுந்ததும் ஒரு அம்மா, “வேண்டாங்க, வீட்ல பெரியவருக்கு ஒடம்பு சரியில்ல” என்று எழுந்துவிட்டார். சீட்டை மாற்றக் கூடாது என்ற என் விதியைப் பிடித்துக்கொண்டு அவரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்; அது என் தவறு. அந்த அச்சத்துக்கு முன்னால் பயிற்சி விதி எம்மாத்திரம், பேசாமல் சீட்டை எடுத்து உள்ளே வைத்திருக்க வேண்டும். அண்மையில் துக்கம் நடந்த வீட்டினர் இருந்தால் மரணம், கோபுரம், மூன்று வாள்கள் ஆகியவற்றை முன்பே கட்டிலிருந்து எடுத்துவிடுகிறேன் இப்போது. எழுதும்போது தாங்க முடியாத நினைவு கிளர்ந்தால் பேனாவை மூடிவிட்டு எழுந்து போய்விடலாம். மருத்துவம், பணம், திருமணம் பற்றிய முடிவுகளுக்குச் சீட்டிடம் போகாதீர்கள். அட்டையில் அச்சிட்ட படத்துக்கு அவை தெரியாது.

நோட்டும் கட்டும்

ஒவ்வொரு பயிற்சிக்கும் மேலே தேதி, சீட்டின் பெயர், நேராகவா தலைகீழாகவா என்பதைக் குறித்து வையுங்கள். ஏற்காட்டில் வைத்து எழுதுபவர்கள் கட்டை மூடியுள்ள தகர டப்பாவில் வைப்பது நல்லது. மூட்டத்து ஈரத்தில் அட்டை உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரே சீட்டு மீண்டும் வரும்போது பழைய பக்கத்தைப் புரட்டாமல் புதிதாகப் பார்த்து எழுதி முடித்துவிட்டு, அதன் பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

எட்டுக் காசுகள் எனக்கு இதுவரை மூன்று முறை வந்திருக்கிறது. முதல் முறை உழைப்பு பலன் தந்தது. இரண்டாம் முறை அப்பாவின் கால்விரலில் வெள்ளி மின்னியது. மூன்றாம் முறை, அந்த இளைஞனையும் காசுகளையும் விட்டுவிட்டு, வெகு தொலைவில் சிறிதாகத் தெரியும் அந்த ஊரைப் பார்த்தேன். அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் ஒன்பது வயதுச் சிறுமி, பழைய கொலுசு இறுகி வெட்டி எடுத்த காலைத் தடவிக்கொண்டு, புதியது எப்போது வரும் என்று பாட்டியை நச்சரித்துக்கொண்டிருந்தாள்.